15 கடல்மைல் தள்ளிப் போனால் போதும்!

திமிங்கிலம் போகும் வழியையும் கப்பல் போகும் வழியையும் ஒரே வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். தீர்வு கண்ணில் பட்டுவிட்டது. கோட்டை நகர்த்துவதுதான் பாக்கி.

இலங்கையின் தென்கோடி தேவேந்திரமுனை. பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றான தொண்டீச்சரம் நின்ற இடம் என்று ஈழத்துச் சைவர்கள் சொல்லும் ஊர். இன்றைக்கு 49 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம்தான் அதன் அடையாளம். அங்கிருந்து நேர்த்தெற்கே படகை விட்டால் அண்டார்டிகா வரை கரை தட்டாது. அத்தனை பரந்த கடல் கிடந்தும், சூயஸ் கால்வாயிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல்களும், அங்கிருந்து திரும்பும் கப்பல்களும் இந்த முனையை ஒட்டித்தான் போகின்றன. தூரம் மிச்சம், எண்ணெய் மிச்சம். எதிரெதிராக வருபவை மோதிக்கொள்ளாமலிருக்க, ஐ.எம்.ஓ. எனப்படும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் அங்கீகாரத்தோடு இங்கே கடலில் இருவழித் தடம் குறிக்கப்பட்டிருக்கிறது. நெடுஞ்சாலைக்கு நடுக்கோடு போடுவதுபோல. உலகின் மிக நெரிசலான கப்பல் வழிகளில் இதுவும் ஒன்று.

கப்பல்களுக்கு இந்த மூலை குறுக்குவழி. நீலத்திமிங்கிலங்களுக்கு இது சாப்பாட்டுக்கூடம். இலங்கையின் தெற்கில் கரையோர ஆழமற்ற பகுதி மிகவும் ஒடுங்கியது. சில கிலோமீட்டர் போனதுமே கடலடி செங்குத்தாகச் சரிந்து ஆயிரம் மீட்டருக்குக் கீழே போய்விடுகிறது. அந்தச் சரிவின் விளிம்பில்தான் இரை திரள்கிறது. மற்றக் கடல்களில் நீலத்திமிங்கிலம் தின்பது பெரும்பாலும் கிரில். இங்கே அது விரும்பித் தின்பது, நம் ஊர்க் கருவாட்டுக் கடையில் படிக்கணக்கில் கிடைக்கும் சென்னாக்கூனியின் குடும்பத்தைச் சேர்ந்த சிற்றிறாலை. பூமியில் இதுவரை வாழ்ந்தவற்றிலேயே பெரிய விலங்கினத்தின் இந்து சமுத்திரக் கிளை, 24 மீட்டர் வரை வளரும் உடம்பை, இந்தப் பொடி இறாலை நம்பித்தான் சுமந்து திரிகிறது.

விபரீதம் என்னவென்றால், அந்தச் சரிவின் விளிம்பும் கப்பல் தடமும் ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன.

2012-ல் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்த ஒரு சரக்குக் கப்பலின் முகப்பில் செத்த நீலத்திமிங்கிலம் ஒன்று குறுக்கே மடங்கிக் கிடந்தது. கரையில் இருந்தவர்கள் காட்டும்வரை கப்பலில் யாருக்கும் தெரியவில்லை என்றாலும் வியப்பதற்கில்லை. பெரிய கன்டெய்னர் கப்பலில் மாலுமி நிற்கும் மேடையிலிருந்து பார்த்தால், முகப்புக்கு முன்னே 500 மீட்டர் வரை கடல் மறைந்திருக்கலாம் என்று சர்வதேச விதியே இடம் கொடுக்கிறது. இரவில் கேட்கவே வேண்டாம். சரி, திமிங்கிலமாவது விலகாதா? கலிஃபோர்னியா கரையோரம் நீலத்திமிங்கிலங்களின் முதுகில் கருவி ஒட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டது வேறு. கப்பல் நெருங்கும்போது அவை பக்கவாட்டில் ஒதுங்குவதில்லை. மெதுவாக, இருந்த இடத்திலேயே கொஞ்சம் கீழே அமிழ்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக, இவ்வளவு பெரிய ஒன்று வேகமாக வந்து இடிக்கும் என்ற அனுபவமே அவற்றுக்கு இருந்ததில்லை.

முகப்பில் சிக்கி வந்ததால்தான் கொழும்பில் அந்தச் சாவு கணக்கில் வந்தது. அடிபட்டுச் சாகும் நீலத்திமிங்கிலங்களில் பெரும்பாலானவை மூழ்கிப் போகின்றன. கரை ஒதுங்குவது சொற்பம். எனவே ‘ஆண்டுக்கு எத்தனை சாகின்றன?’ என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காது. இந்த இடத்தில்தான் வரைபடம் உதவிக்கு வருகிறது. சாவை எண்ண முடியாவிட்டால் ஆபத்தை அளக்கலாம்.

இல்லை என்பதும் தரவு

ஆபத்தை அளக்க இரண்டே விஷயம் தெரிந்தால் போதும்: திமிங்கிலம் எங்கே, கப்பல் எங்கே.

இரண்டாவது கேள்வி சுலபம். 300 டன் கொள்ளளவுக்கு மேற்பட்டு, நாடு விட்டு நாடு போகும் எல்லாக் கப்பலிலும் ஏ.ஐ.எஸ். என்ற கருவி இருந்தாக வேண்டும். தன் அடையாளம், இடம், திசை, வேகம் ஆகியவற்றைச் சில நொடிக்கு ஒருமுறை அது வானொலியில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். கப்பலும் கப்பலும் மோதாமலிருக்கக் கண்டுபிடித்த ஏற்பாடு. பிற்பாடு செயற்கைக்கோள்களும் அந்த ஒலிபரப்பைக் கேட்கத் தொடங்கியதில், உலகக் கடல் முழுவதும் எந்தக் கப்பல் எந்த நேரத்தில் எங்கே போனது என்பது கணினித் திரையில் கோடுகளாக விழுந்தது. கரையோரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இன்றைக்குக் கைப்பேசியில் அதைப் பார்க்கலாம்.

முதல் கேள்விதான் கஷ்டம். தென்கரை ஊரான மிரிஸ்ஸவிலிருந்து திமிங்கிலம் பார்க்கச் சுற்றுலாப் படகுகள் தினமும் போகின்றன. அவற்றின் குறிப்புகளை வைத்தே வரைபடம் போட்டால் என்ன? போடலாம், ஆனால் தப்பான வரைபடம் வரும். சுற்றுலாப் படகு திமிங்கிலம் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். மதியத்துக்குள் கரை திரும்பும் தூரத்தைத் தாண்டாது. தொலைவில் திமிங்கிலம் இல்லையா, பார்க்க ஆள் இல்லையா என்று அந்தக் குறிப்புகளால் சொல்ல முடியாது. அதனால் 2014, 2015 ஆண்டுகளில் ருகுண பல்கலைக்கழகத்தாரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வேறு மாதிரி செய்தார்கள். கடலில் முன்கூட்டியே கோடுகள் வரைந்துகொண்டு, திமிங்கிலம் தென்பட்டாலும் படாவிட்டாலும் அந்தக் கோட்டின்மேலேயே, கப்பல் தடத்துக்குத் தெற்கே வெகுதூரம்வரை போய்வந்தார்கள். கண்ட இடத்தைக் குறித்ததுபோலவே காணாத இடத்தையும் குறித்தார்கள். நாள் முழுக்கக் கண் வலிக்கப் பார்த்து, ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவைப்பது சலிப்பான வேலைதான். வரைபடத்தின் பாதி மதிப்பு அந்த ஒன்றுமில்லையில்தான் இருக்கிறது.

பிறகு கடலைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் திமிங்கில அடர்த்தி ஓர் அடுக்கு. கப்பல் நெரிசல் அதன்மேல் இன்னோர் அடுக்கு. ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் அமைப்பின் சாரமே இவ்வளவுதான்: தனித்தனியாக இருக்கும் விவரங்களை ஒரே நிலப்படத்தின்மேல் அடுக்கடுக்காக ஏற்றிவைத்து, எங்கே எது எதன்மேல் விழுகிறது என்று பார்ப்பது. விழுந்த இடம் சிவப்பாகத் தெரிந்தது. திமிங்கிலங்கள் அதிகம் நிற்கும் கட்டங்களின்மேலேயே கப்பல் தடம் ஓடியது. தெற்கே போகப் போக அடர்த்தி மளமளவென்று குறைந்தது. தடத்தை 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதல் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று 2016-ல் அந்த ஆய்வு வெளிவந்தது.

15 கடல்மைல் என்பது ஏறக்குறைய 28 கிலோமீட்டர். சூயஸிலிருந்து சிங்கப்பூர் போகும் கப்பல் கடக்கிற ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில், ஒரு வளைவைக் கொஞ்சம் அகலமாகச் சுற்றிப்போவது.

பருவக்காற்றோடு வலசை

இந்தத் திமிங்கிலங்களை ஆய்வாளர் ஆஷா டி வோஸ் ‘வழக்கத்துக்கு மாறானவை’ என்று சொல்லிவருவது பொருத்தம்தான். பாடப்புத்தகத் திமிங்கிலம் கோடையில் துருவத்துக்குப் போய்ச் சாப்பிடும். குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். இவை துருவம் பக்கமே போவதில்லை. கொழும்பில் பிறந்த டி வோஸ், 2003-ல் ஓர் ஆய்வுக்கப்பலில் போகும்போது இலங்கைக்கு அருகே நீலத்திமிங்கிலங்கள் கூட்டமாக நிற்பதையும், நீரில் செந்நிறக் கழிவு மிதப்பதையும் கண்டார். கழிவு இருக்கிறதென்றால் இங்கேயே சாப்பிடுகின்றன என்று அர்த்தம். அந்தக் கழிவு அவரை வாழ்நாள் ஆராய்ச்சிக்குள் இழுத்துவிட்டது. ‘ஓஷன்ஸ்வெல்’ என்ற அமைப்பை அவர் தொடங்கியது பின்னால்.

மாலத்தீவில் நெடுங்காலம் பணியாற்றிய உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் முன்வைத்த விளக்கம் இது: தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோமாலியா, ஓமன் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலே பொங்குகிறது, இரை பெருகுகிறது, திமிங்கிலங்கள் அங்கே. காற்று ஓய்ந்ததும் அவற்றில் ஒரு பகுதி கிழக்கே திரும்பி, மாலத்தீவையும் இலங்கையையும் கடந்து வங்காள விரிகுடா வரை பரவுகிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தேவேந்திரமுனைக்கு எதிரே கூட்டம் அதிகம். பிறகு திருகோணமலைப் பக்கமும் தென்படும். மற்றக் கடல்களின் திமிங்கிலங்கள் வடக்கு தெற்காகப் போக, இவை மேற்கு கிழக்காகப் போகின்றன. பாய்மரக் காலத்து வணிகர்கள் போன அதே திசை.

இந்த வலசையின் தடம் முழுமையாகக் கிடைத்துவிடவில்லை. வாலின், முதுகுத்துடுப்பின் படங்களை ஒப்பிட்டு ‘ஓமனில் பார்த்ததுதானா இது?’ என்று தேடுகிறார்கள். பாட்டை வைத்தும் தேடுகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பாட்டு. இதில் சுவாரசியமான ஒன்று: அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்பதற்காக டியாகோ கார்சியா தீவுக்கு அருகே கடலுக்குள் வைத்திருக்கும் ஒலிவாங்கிகள் ஆண்டுக்கணக்கில் திமிங்கிலப் பாட்டையும் பதிவுசெய்துகொண்டிருந்தன. அந்தப் பதிவுகளைக் கிளறியதில், அதுவரை அறியப்படாத நீலத்திமிங்கிலக் கூட்டம் ஒன்றின் பாட்டே கிடைத்தது என்று 2021-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

செயற்கைக்கோள் டேக் வைப்பது நேரடி வழி. ஆனால் கடல்நீருக்குள்ளிருந்து ரேடியோ அலை மேலே வராது. திமிங்கிலமோ ஆமையோ மூச்சு வாங்க மேலே வரும் சில விநாடிகளுக்குள் கருவி விழித்து, ‘நான் இங்கே’ என்று ஒரு துடிப்பை அனுப்பிவிட வேண்டும். 1978 முதல் இயங்கும் ஆர்கோஸ் செயற்கைக்கோள் ஏற்பாடு அந்தத் துடிப்பின் அதிர்வெண் மாறுதலை வைத்து இடத்தைக் கணிக்கிறது. பிழை சில நூறு மீட்டரிலிருந்து பல கிலோமீட்டர் வரை போகும். தாவித் தாவி விழும் அந்தப் புள்ளிகளை, விலங்கு நீந்தக்கூடிய வேகத்தோடு பொருத்திப் பார்த்து, நம்பத்தக்க கோடாக்குவது கணிதக்காரர்களின் பாடு. செய்திகளில் நாம் பார்க்கும் வழவழப்பான வண்ணக்கோடுகளுக்குப் பின்னால் இவ்வளவு ஊகம் இருக்கிறது.

அரபிக்கடல் பக்கம் இந்தத் திமிங்கிலங்களுக்குப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 1960-களின் நடுவில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத்திமிங்கிலங்களைக் கொன்று, கணக்கை மறைத்துவைத்தன. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகே உண்மை வெளிவந்தது. 1979-ல் இந்து சமுத்திரம் திமிங்கிலப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஈட்டி போனது. வழி அப்படியே ஆபத்தாகக் கிடந்தது.

பாஸ்டனில் 12 டிகிரி

கப்பல் தடத்தை நகர்த்துவது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகம் பதில். அதன் வாசலில் ஸ்டெல்வேகன் மேடு என்ற கடல் சரணாலயம். 25 ஆண்டுகளாகத் திமிங்கிலம் கண்ட இடங்களையெல்லாம் வரைபடத்தில் ஏற்றியபோது, அவை ஏனோ ஒரு பகுதியில் குவிந்தும் இன்னொரு பகுதியில் அரிதாகவும் இருந்தன. கடலடி மண்ணின் வரைபடத்தை அதன்மேல் வைத்ததும் புதிர் விடுபட்டது. திமிங்கிலங்கள் தின்னும் ஸாண்ட் லான்ஸ் என்ற சிறுமீன் மணலில் புதைந்து கிடப்பது. மணல் உள்ள இடத்தில் மீன், மீன் உள்ள இடத்தில் திமிங்கிலம். மணலில்லாத பக்கமாகத் தடத்தைத் திருப்பினால்? 2007 ஜூலை 1-ம் தேதி, பாஸ்டன் தடம் 12 டிகிரி வடக்கே சாய்க்கப்பட்டது. பெரிய திமிங்கிலங்களோடு மோதும் ஆபத்து 81 சதவீதமும், அவற்றிலேயே மிக அரிய ரைட் திமிங்கிலத்துக்கு 58 சதவீதமும் குறையும் என்று கணக்கிட்டார்கள். கப்பல்களுக்குக் கூடுதலாக ஆனது 10 முதல் 22 நிமிடம்.

இதற்கும் முன்பே, 2003-ல், கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் தடம் நகர்த்தப்பட்டது. திமிங்கிலத்துக்காகக் கப்பல் தடம் மாறியது உலகில் அதுவே முதல் தடவை. ரைட் திமிங்கிலங்கள் கூடும் பகுதியில் ஆபத்து 80 சதவீதம் தணிந்தது என்று எல்லோரும் கொண்டாடினார்கள்.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். 2010-ஐ ஒட்டி ஃபண்டியில் ரைட் திமிங்கிலங்கள் குறையத் தொடங்கின. அந்தப் பக்கத்துக் கடல் வேகமாகச் சூடேறியதில், அவை தின்னும் அரிசிமணி அளவுள்ள கோப்பிபாட் உயிரி அங்கே அருகிப்போனது. பசித்த திமிங்கிலங்கள் வடக்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே தடமும் நகர்த்தப்படவில்லை, வேகக் கட்டுப்பாடும் இல்லை, நண்டுப் பொறிகளின் கயிறு வேறு. 2017-ம் ஆண்டு ஒன்றில் மட்டும் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 17 ரைட் திமிங்கிலங்கள் செத்தன. அவற்றில் 12 கனடாவில். சில நூறு மட்டுமே மிச்சமிருக்கும் இனத்தில் 17. கவனமாக வரைந்த வரைபடம், திமிங்கிலங்கள் காலிசெய்துவிட்டுப் போன வீட்டுக்குக் காவல் நின்றிருக்கிறது.

கனடா அடி வாங்கிக் கற்றது. இப்போது அங்கே வரைபடம் நாளுக்கு நாள் மாறுகிறது. விமானம் பறந்து பார்க்கிறது. கடலுக்குள் ஊர்ந்து திரியும் ஆளில்லாக் கிளைடர்கள் திமிங்கிலக் குரலைக் கேட்டதும் கரைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஒரு திமிங்கிலம் தென்பட்டாலே அந்தப் பகுதியில் மீன்பிடிப்பு நிறுத்தப்படும், கப்பல்கள் 10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்) வேகத்துக்குக் குறைக்கப்படும். ஏன் 10? 15 நாட் வேகத்தில் இடித்தால் பத்துக்கு எட்டு திமிங்கிலம் சாகும். 9 நாட்டுக்குக் கீழே வந்தால் அது பத்துக்கு இரண்டாகிறது என்பது பழைய மோதல்களை ஆராய்ந்து கண்ட கணக்கு.

தேவேந்திரமுனைக்கு இதில் ஒரு பாடமும் ஓர் ஆறுதலும் இருக்கின்றன. பாடம், 2015-ல் எடுத்த கணக்கை 2035 வரை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. ஆறுதல், இங்கே இரையைத் திரட்டுவதில் கடலடியின் சரிவுக்கும் பங்கு உண்டு. நீர் சூடானாலும் சரிவு இடம்பெயராது. அதற்காக மறுகணக்கெடுப்பே வேண்டாம் என்று இருந்துவிட முடியாது.

ஆமைக்கு ஒரு வரைபடம், மீனவருக்கு ஒரு வரைபடம்

மாறும் வரைபடத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஹவாயில் இருக்கிறது. அங்கே வாள்மீனுக்கு ஆயிரம்கால் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு வரம்பு இருந்தது: ஆண்டுக்கு 17 பெருந்தலை ஆமைகள் தூண்டிலில் மாட்டினால் அந்த மீன்பிடிப்பையே மூடிவிடுவார்கள். 2006-ல் மார்ச் மாதமே 17 ஆகிவிட்டது. மிச்ச ஆண்டு முழுக்கப் படகு கரையில். அப்போது அமெரிக்கக் கடல் ஆய்வு நிறுவனமான நோவாவின் ஆய்வாளர்கள் டேக் வைத்த ஆமைகளின் தடத்தைச் செயற்கைக்கோள் அளந்த கடல்மேற்பரப்பு வெப்பத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். ஆமைகள் 18.5 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஒரு குளிர்ந்த பட்டையில் ஒட்டிக்கொண்டு போவது தெரிந்தது. அந்தப் பட்டையைத் தினமும் வரைந்து, ‘இங்கே தூண்டில் போடாதீர்கள்’ என்று மீனவர்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பெயர் ‘டர்ட்டில் வாட்ச்’. அது வெறும் யோசனைதான், கட்டாயமில்லை. ஆனால் ஆமை மாட்டினால் தொழில் நிற்கும் என்பதால் மீனவருக்கே அது வேண்டியிருந்தது.

இதைப் படிக்கும் நம் கடலோர மீனவர் ஒருவர், ‘இதே சங்கதி நமக்கும் வருமே’ என்பார். ஆம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் பாசியின் பச்சையையும் செயற்கைக்கோளில் அளந்து, மீன் கிடைக்கக்கூடிய இடம் எது என்று பல ஆண்டுகளாக இறங்குதளங்களுக்குச் சொல்லிவருகிறது. இன்ன திசை, இத்தனை கிலோமீட்டர், இத்தனை ஆழம். ஹவாயில் ‘எங்கே போகாதே’ என்று சொல்லப் பயன்பட்ட அதே நுட்பம் நம்மிடம் ‘எங்கே போ’ என்று சொல்கிறது.

போகாதே என்று சொல்லவேண்டிய தேவை நமக்கும் இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் செத்துச் செத்து ஒதுங்கின. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. கண் பிதுங்கி, மூச்சுமுட்டிச் செத்த அடையாளங்கள். இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் மூழ்கியவை என்று சந்தேகப்பட இடமிருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. முட்டையிட வரும் ஆமைகள் காத்துக்கிடப்பதும் அந்தக் கரையோர நீரில்தான். விதி மீறப்படுகிறதா என்று அறிய ஆளனுப்பிப் பார்க்க வேண்டியதில்லை: மீனவர் பாதுகாப்புக்கென்று தமிழக விசைப்படகுகளில் இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர் பொருத்தப்பட்டிருக்கிறது. படகு எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லும்.

என் எண்ணம் இது. படகுகளின் இடம் மீன்வளத் துறையிடம் இருக்கிறது. ஆமைகள் ஒதுங்கிய, முட்டையிட்ட இடங்கள் வனத் துறையிடமும், 1988 முதல் இரவிரவாகச் சென்னைக் கரையில் நடக்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவிடமும் இருக்கின்றன. வெப்பமும் நீரோட்டமும் இன்காய்ஸிடம். எல்லா அடுக்கும் தயார். ஏற்றிவைக்க ஒரே திரைதான் இல்லை. அந்தத் திரையைத் தண்டனை கொடுக்கும் கருவியாக மட்டும் வைத்தால் டிரான்ஸ்பாண்டரை அணைத்துப்போடுவார்கள். ‘இந்த வாரம் ஆமைக்கூட்டம் கோவளத்துக்கு எதிரே, வலை போடாமலிருந்தால் இவ்வளவு ஈடு’ என்று முன்கூட்டியே சொல்லும் கருவியாக வைத்தால் சேதியே வேறு. ஹவாய்க்காரர்கள் ஆமைமேல் திடீர்க் காதல் கொண்டுவிடவில்லை. தொழில் நடக்க வேண்டுமே என்றுதான் வரைபடத்தைத் திறந்தார்கள்.

வங்கக்கடல் ஆமையின் வழி நாம் நினைப்பதைவிட நீளமானது. ஒடிசாவில் செயற்கைக்கோள் டேக் வைத்த சில ஆமைகள் தெற்கே இலங்கைக் கடல்வரை வந்து போனது முன்பே தெரிந்ததுதான். 2021-ல் ஒடிசாவில் துடுப்பில் எண் பொறித்த உலோக வில்லை மாட்டிவிட்ட ஓர் ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் ஏறி முட்டையிட்டது. கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் வெவ்வேறு ஆமைக் கூட்டங்கள் என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது. இலங்கையைச் சுற்றிப் போயிருந்தால் தேவேந்திரமுனைக் கப்பல்களுக்கு நடுவில்தான் போயிருக்கும். பாக் நீரிணை வழியாகவும் போயிருக்கலாம். வில்லைக்கு அது தெரியாது. புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் மட்டுமே சொல்லும்.

தெற்கே போகும் கப்பல்கள்

2024 நவம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு உலகம் முழுமைக்கும் இதே கணக்கைப் போட்டது. நீலம், துடுப்பு, கூன்முதுகு, எண்ணெய்த் திமிங்கிலங்கள் என நான்கு இனங்கள் வாழும் பரப்பில் 92 சதவீதத்தில் கப்பல்கள் ஓடுகின்றன. மோதல் ஆபத்து மிகுந்த இடங்களில் 7 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில்தான் ஏதாவது தடுப்பு ஏற்பாடு உண்டு. ஆனால் எல்லா ஆபத்தான இடங்களையும் பாதுகாக்க, கடற்பரப்பில் இன்னும் 2.6 சதவீதத்தில் நடவடிக்கை எடுத்தால் போதும். ஆபத்து மிகுந்த பகுதிகளில் இந்து சமுத்திரமும் ஒன்று.

தேவேந்திரமுனைக்கு என்ன ஆயிற்று? 2016 ஆய்வு வந்து ஆண்டுகள் ஓடியும் அதிகாரபூர்வத் தடம் நகரவில்லை. அம்பாந்தோட்டை, காலி துறைமுகங்களுக்கு வரும் கப்பல் சேவை வருமானம் தூரப் போய்விடுமோ என்ற தயக்கம் கொழும்பில் உண்டு. துறைமுகத்தில் வேலை உள்ள கப்பல் எப்படியும் உள்ளே வரத்தான் செய்யும். நிற்காமல் கடந்துபோகும் கப்பல் தள்ளிப் போவதால் யாருக்கு நஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை. தடம் நகர்ந்தால் தென்கரையின் சிறுபடகு மீனவர்களுக்கும் சுற்றுலாப் படகுகளுக்கும் ராட்சதக் கப்பல்களின் தொல்லை குறையும் என்பதையும் அந்த ஆய்வே சொல்கிறது.

அரசை எதிர்பார்த்து நிற்காமல் முந்திக்கொண்டது ஒரு கம்பெனி. உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி., 2022-ன் நடுவில் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே திருப்பியது. மேற்கே போவது 5 டிகிரி 30 நிமிடத்துக்கும் 35 நிமிடத்துக்கும் இடையில், கிழக்கே போவது 24-க்கும் 27-க்கும் இடையில். தேவேந்திரமுனை இருப்பது ஏறக்குறைய 5 டிகிரி 55 நிமிட அட்சரேகையில். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல்மைல். ஆக, கரையிலிருந்து குறைந்தது 20 கடல்மைல் தள்ளி. கரையோரமாகச் சுற்றும் சிறிய கப்பல்களுக்கு 10 நாட்டுக்குக் கீழே வேகம். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று யாரும் புகார் சொன்னதாகத் தெரியவில்லை.

ஒரு நிறுவனம் போவதால் சிக்கல் தீராது. தெற்கே போவது அந்த நிறுவனத்தின் விருப்பம். மற்றக் கப்பல்களின் வரைபடத்தில் அச்சாகியிருப்பது பழைய தடம்தான். எண்ணெய் டாங்கர், நிலக்கரிக் கப்பல், கார் ஏற்றும் கப்பல் என்று ஆயிரம் உரிமையாளர்கள், ஆயிரம் கொடிகள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கோட்டை நகர்த்த ஐ.எம்.ஓ.வால்தான் முடியும். அது தானாகச் செய்யாது. தன் கரையோரத் தடத்தை மாற்றக் கோரி இலங்கை அரசு முன்மொழிய வேண்டும். ஆண்டுதோறும் கூடும் கடல்வழித் துணைக்குழு அதைப் பரிசீலிக்கும். கடல் பாதுகாப்புக் குழு ஏற்கும். ஏற்ற நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். கப்பல்களின் மின்னணு வரைபடங்கள் வாராவாரம் திருத்தப்படுகின்றன என்பதால், முடிவெடுத்த பிறகு உலகம் முழுக்க உள்ள மாலுமிகளுக்குப் புதிய கோடு போய்ச் சேருவதில் தாமதம் இருக்காது. முன்மொழிவோடு இணைக்க வேண்டிய திமிங்கில அடர்த்தி வரைபடமும் கப்பல் நெரிசல் வரைபடமும் 2016-லேயே அச்சில் வந்துவிட்டன.